‘லீவ்’ என்ற சொல்லை ஹுவாங்குக்கு விளங்கப்படுத்தியது

நான் ஓய்வு பெற்றபோது என் வகுப்புகளை எடுத்துக்கொண்ட பெண் அபிராமி. லண்டனிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. குறொய்டனில் உள்ள அதே வளர்ந்தோர் கல்லூரியில், அதே அறையில், சீன மொழி பேசுகிறவர்களுக்கு இப்போது அவள்தான் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். போன மாதம் வெஸ்ட் ஈலிங்கில் கோயில் வாசலில் அவளைக் கண்டேன். செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்ரி, ஸ்ருடன்ஸ் எல்லாரும் இப்ப போனைத்தான் கேக்கினம். நான் ஒரு வேர்டுக்கு மீனிங் சொல்ல முதலே போன் சொல்லிப்போடுது. அப்ப நாங்கள் என்னத்துக்கு?"

அது சனக்கூட்டத்துக்குள் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது ஒரேயொரு ஆங்கிலப் பெயர்ச்சொல்லைப் பற்றியது. என் உத்தியோக காலம் முழுவதும் எனக்குள் கிடந்த பொறாமையைப் பற்றியதும்கூட. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுத முடியவில்லை. அபிராமிக்குத் தமிழ் வாசிக்க வரும். ஐரீனுக்கு வராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

ஐரீன், ஆசிரியர் அறையில் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்தவள். மலேசியாவில் ஈப்போ நகரத்துச் சீனப் பெண். மண்டரின் பேசுவாள், கன்டனீஸ் பேசுவாள், ஆங்கிலம் இந்த ஊரில் பிறந்தவர்களைப் போலப் பேசுவாள். அது போதாதென்று, அவளுடைய சிறு வயதில் பக்கத்து வீட்டில் தமிழர்கள் இருந்தார்களாம், "நல்லா இருக்கீங்களா சாந்தினி?" என்று காலையில் தமிழிலும் கேட்பாள். நான் யாழ்ப்பாணத்தில் சில வருடங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். இங்கே வந்து பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்று, பிறகு படித்துச் சான்றிதழ் எடுத்து, கடைசியில் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தேன். வந்த இடத்தில் எனக்குக் கொடுத்தது சீன மாணவர்கள். சீனத்தில் எனக்கு வணக்கம் சொல்லவும் வராது.

வகுப்புகள் காலையில் நடக்கும். மாணவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிறவர்கள், மதியத்தோடு குசினிக்குப் போய்விடுவார்கள். ஒரு சொல் விளங்காமல் அவர்கள் முழித்தால் நான் பலகையில் படம் கீறுவேன், நடித்துக் காட்டுவேன், வியர்த்துப்போய் நிற்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஐரீன் சீனத்தில் ஒரு வசனம் சொல்லுவாள். உடனே ஒரு வகுப்பே "ஆ..." என்று மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். இடைவேளையில் என் மாணவர்கள் தேநீரையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போவார்கள். நான் படிப்பித்தது சரிதானா என்று அவளைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு திரும்புவார்கள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் என் வகுப்பையும் சேர்த்து எடுப்பாள். ஈப்போவுக்குப் போய் வந்தால் எனக்கென்று ஏதாவது கொண்டு வருவாள். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். வயிறு எரியும்.

எங்கள் இருவருக்கும் மேலே இருந்தவர் மார்கரெட். உயரமான, மெலிந்த பெண். வகுப்பைப் பார்வையிட வந்தால் கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் இருப்பார். எதையும் குறித்துக்கொள்ளமாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மாணவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் என்ன சொல்கிறேன் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை என்றே முதலில் நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்து ஒரேயொரு கேள்வி கேட்பார். பதிலுக்குக் காத்திருக்கவும்மாட்டார். அந்தக் கேள்வியோடு நான் ஒரு கிழமை திரிவேன். பிறகு விடைபெறும்போது ஐரீனுக்கு "லவ்லி" என்பார், எனக்கு "தாங்க் யூ, சாந்தினி" என்பார். அந்த "லவ்லி"யை எனக்கு ஒரு தடவையாவது சொல்லமாட்டாரா என்று, பேரப்பிள்ளை காணும் வயது வரைக்கும் ஏங்கினேன்.

மார்கரெட்டின் முறை இப்படி. ஒரு சொல்லைப் படிப்பித்தபின் "விளங்குதா?" என்று கேட்கக்கூடாது. அது ஆசிரியர் தன்னுடைய ஆறுதலுக்காகக் கேட்கிற கேள்வி, எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்பார். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்க வேண்டும். ஓம், இல்லை என்ற இரண்டில் ஒன்றே பதிலாக வரவேண்டும். அந்தப் பதில்களிலிருந்து மாணவரே பொருளைக் கட்டி எழுப்ப வேண்டும். பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாகக் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது. அது புழக்கத்தில் எந்தச் சொற்களோடு சேர்ந்து நடமாடுகிறதோ, அவற்றோடு சேர்த்தே கொண்டுவர வேண்டும். முதலில் காது, பிறகு வாய், கடைசியாகத்தான் பலகை.

"லீவ்" என்ற பெயர்ச்சொல்லை நான் முதல் தடவை எடுத்த அன்று மார்கரெட் பின்னால் இருந்தார். நான் பலகையில் ஒரு அலுவலகத்தைக் கீறினேன். மேசைகள், ஆட்கள், நடுவிலே ஒரு வெறுங்கதிரை. அது வேய் என்பவருடைய கதிரை. "வேய் இஸ் ஆன் லீவ்" என்றேன். வேய் இன்று வேலைக்கு வந்தாரா? இல்லை. அவருக்கு வேலை போய்விட்டதா? இல்லை. திரும்பி வருவாரா? ஓம். எல்லாம் நன்றாகத்தான் போனது.

சிக்கல்கள் பிறகு வந்தன. சீன மாணவர்களுக்கு இந்தச் சொல்லின் கடைசி ஒலி நாக்கில் ஒட்டாது, "லீஃப்" என்று இலையாகிவிடும். இது எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று சொன்னாலும், நான் இரண்டு லீவ்ஸ் எடுத்தேன் என்பார்கள், அதுவும் இரண்டு இலைகள் பறித்த கதையாகிவிடும். இரண்டு நாள் லீவ் என்று நாளைத்தான் எண்ண வேண்டும். எங்கள் ஆட்களும் இரண்டு லீவு எடுத்தன் என்று சொல்கிறவர்கள்தானே. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், அவர்கள் முதலில் படித்த வினைச்சொல். லீவ் என்றால் போ, விட்டு விலகு. சீனத்தில் அதற்கு "லீகாய்" என்பார்களாம். லீ என்ற ஒலி இரண்டு மொழியிலும் ஒத்துப்போவதால் அந்தப் பொருள் அவர்கள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

ஒரு பெண் கை உயர்த்தினாள். கிறிஸ்மசும் லீவா என்று கேட்டாள். எனக்குத் தமிழிலே எல்லாம் லீவுதான். ஓம், ஒரு விதத்தில் லீவுதான் என்று மழுப்பினேன். மார்கரெட் அசையவில்லை. முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அதை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தாங்க் யூ சாந்தினி.

பஸ்ஸில் தோர்ண்டன் ஹீத்துக்கு வரும் வழியிலும், சமைக்கும்போதும் அந்தக் கேள்வியை யோசித்தேன். கிறிஸ்மஸ் தானாக வருகிறது, அதை யாரும் கொடுப்பதில்லை. லீவை ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் மாட்டேன் என்றும் சொல்லலாம். சுகவீன லீவ், பிரசவ லீவ், படையினரின் லீவ் எல்லாவற்றுக்கும் பின்னால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் இருக்கிறார். அடுத்த கிழமை வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் ஒரு முகாமையாளரையும் கீறினேன். அவரால் இல்லை என்று சொல்ல முடியுமா? முடியும். சொன்னாரா? சொல்லவில்லை. அன்றைக்குத்தான் என் வகுப்பிலும் சாதுவாக ஒரு "ஆ" கேட்டது.

இந்தச் சொல்லின் இன்னொரு பொருளை லண்டனில் அகராதி இல்லாமலே கற்றுக்கொள்ள வேண்டி வரும். "லீவ் டு ரிமெய்ன்." இந்த நாட்டில் தங்கியிருக்க அரசாங்கம் கொடுக்கும் அனுமதி. நாங்கள் வந்த புதிதில் வழக்கறிஞர் தொலைபேசியில் லீவ் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது, என் கணவர் எத்தனை நாள் லீவு என்று கேட்டார். அந்த வழக்கறிஞர் இன்றைக்கும் எங்கேயாவது அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இனி ஹுவாங்கைப் பற்றிச் சொல்கிறேன். ஃபூஜியான் மாகாணத்துக்காரர், நாற்பது தாண்டியவர். ஐரீனின் வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில் இருப்பார். ஊரில் சமையற்காரராக இருந்தவர். இங்கே தஞ்சம் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. ஒரு நண்பரின் வீட்டில் தங்கி, அந்த வீட்டாருக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் ஊரில். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்த முடிவு வருவதற்கு முன் ஐரீன் அவருக்கு, எல்லாம் சரிவரும், யோசிக்காதே என்று சீனத்தில் சொல்லியிருந்தாளாம். அவள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லுவாள்.

அதே காலத்தில் என் வீட்டிலும் ஒருவர் காத்திருந்தார். என் தம்பி குகன். கடைசியாக வந்து சேர்ந்தவன். வேலைக்குப் போக ஏலாது, ஊருக்குத் திரும்ப ஏலாது. என் வீட்டுப் பின்வளவில் மிளகாய்க் கன்று வைத்து, போனில் கிரிக்கெட் பார்த்து, பின்னேரங்களில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் கூட்டாளிகளிடம் போய்வந்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். என்னிடம் அவன் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் பொருமிக்கொண்டிருந்தேன். கோயிலில் யாராவது தங்கள் பிள்ளைக்கு விசா கிடைத்துவிட்டது என்று சொன்னால் சந்தோசம் என்று வாயால் சொல்லிவிட்டு, பிரசாதத்தைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு.

அன்று காலை நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது குகனுடைய போன் அடித்தது, வழக்கறிஞர். ஓம், ஓம் என்று கேட்டான். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, "இல்லையாம் அக்கா" என்றான். அவன் சொன்னதைக் குடிவரவு அதிகாரிகள் நம்பவில்லை. நான் கோட்டைக் கழற்றப் போனேன். "நீங்கள் போங்கோ. கிளாசுக்கு நேரம் போகுது" என்று சொல்லிவிட்டு, என்னுடைய பையை எடுத்துக் கையில் தந்தான்.

கல்லூரிக்குப் போனால் ஐரீன் இல்லை. அவளுடைய தாய்க்குச் சுகமில்லை என்று லீவில் ஈப்போவுக்குப் போய்விட்டாள். இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக்கி என்னிடம் தந்திருந்தார்கள். அன்றைக்கு என்ன படிப்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை. முடிந்து எல்லோரும் போனபின் ஹுவாங் மட்டும் நின்றார். கையில் ஒரு பை நிறையத் தோடம்பழம். ஐரீன் டீச்சரிடம் கொடுக்கும்படி மேசையில் வைத்தார். தான் கிளாஸ்கோவுக்குப் போவதாகச் சொன்னார். நாளைக்கே. போன் நம்பரையும் மாற்றப்போகிறாராம். தன்னை யாரும் தேட வேண்டாமாம்.

ஏன் என்று கேட்டேன். போனை நீட்டினார். அவருடைய வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி. உங்கள் லீவ் வழங்கப்பட்டுள்ளது, அலுவலகத்தை அழைக்கவும். அவ்வளவுதான். அதற்குக் கீழே, போன் சீனத்தில் பெயர்த்துக் கொடுத்திருந்தது. அதை அவர் எனக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். விடுமுறைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று போன் சொல்கிறதாம். வேலையே இல்லாத எனக்கு விடுமுறை எப்படி, போனுக்கு ஒன்றும் தெரியாது என்றார். வீட்டு நண்பர்தான் சரியாக விளங்கப்படுத்தினாராம். லீவ் என்றால் லீகாய். போகச் சொல்லிவிட்டார்கள். அழைத்தால் எங்கே இருக்கிறாய் என்று பிடித்துவிடுவார்கள்.

நான் அந்தச் செய்தியை இன்னொரு தடவை வாசித்தேன். அதன் பொருள் எனக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கதவடியில் இருந்து ஒரு சொல்லும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத இவருக்கு. ஆங்கிலத்தில் கவிதை மாதிரி எழுதக்கூடிய என் தம்பிக்கு இல்லை. ஒரே நாளில். அந்தப் போனை எட்ட வீச வேண்டும் போல இருந்தது.

"நீங்கள் தங்கலாம். இது நல்ல செய்தி" என்றேன்.

ஹுவாங் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இல்லை என்று.

வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போன் எடுக்கிறேன் என்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டார். சரி என்று ஈப்போவுக்கு ஐரீனை அழைத்தேன். அவளை அழைக்க வேண்டி வந்ததும் எனக்குக் கசப்புத்தான். அவள் இல்லாத நாளிலும் அவளுடைய சீனம்தான் தேவைப்படுகிறது. விசயத்தைச் சொல்லிப் போனை ஹுவாங்கிடம் கொடுத்தேன். அவள் நீண்ட நேரம் பேசினாள். தங்கும் அனுமதி என்பதற்குச் சீனத்தில் சரியான சொல் இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கிறாள். ஹுவாங் பணிவாக "ஹாவ், ஹாவ்", சரி, சரி என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். பிறகு தன்னுடைய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐரீன் டீச்சர் நல்ல மனம்" என்றார் ஆங்கிலத்தில். "போன தடவையும் சரி, சரி என்று சொன்னா. என்னை அழவிடாமல் சொல்லுறா."

கதவு வரைக்கும் போய்விட்டார். நான் குறுக்கே போய் நின்று மார்கரெட்டின் கேள்விகளைத் தொடங்கினேன். நீங்கள் கேட்டீர்களா? ஓம். அவர்களால் இல்லை என்று சொல்ல முடியுமா? முடியும். இல்லை என்று சொன்னார்களா? அந்த இடத்தில் எல்லாம் உடைந்தது. "லீவ் என்று சொன்னார்கள்" என்றார் அவர். திரும்பத் திரும்ப அந்தச் சொல்லிலேயே வந்து முட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர் என் முகத்துக்கு நேரே விரலைக் காட்டினார்.

"டீச்சர் வாய், நல்ல செய்தி. டீச்சர் முகம், கெட்ட செய்தி. நான் முகத்தை நம்புறன்."

ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு வழியும் சொல்லித் தந்திருக்கவில்லை. நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். அவருக்கு விளங்கக்கூடிய சின்ன வசனங்களாக, ஒவ்வொன்றாக.

"எனக்கு ஒரு தம்பி. அவனும் கேட்டான். உங்களைப் போல. இன்று காலை அவனுக்கு இல்லை என்று சொன்னார்கள். உங்களுக்கு ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுதான் என் முகம் இப்படி. ஐ ஆம் ஜெலஸ்."

கடைசிச் சொல் அவருக்குத் தெரியவில்லை. சொல்லிக் காட்டச் சொன்னார். நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல அவர் போனில் அடித்தார். சீனத்தில் வந்ததை வாசித்தார். அந்தச் சொல்லைப் போன் பிழையாகச் சொல்லவில்லை. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, இல்லை" என்றார்.

"ஓம்."

"ஹுவாங், ஓம்."

"ஓம்."

"டீச்சர் பொறாமை."

"ஓம்" என்றேன். "நிறைய."

அவர் மாணவர்களின் சின்னக் கதிரை ஒன்றில் இருந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கெட்ட செய்தியைப் பார்த்து யாரும் பொறாமைப்படமாட்டார்கள். ஐரீனின் நல்ல மனமும் மார்கரெட்டின் கேள்விகளும் நகர்த்தாத மனிதரை, இவ்வளவு காலமும் ஒளித்து வைத்திருந்த என்னுடைய எரிச்சல் நம்ப வைத்தது. நானும் அழுதேன். அவருக்காக அழுதேன் என்று சொன்னால் அது பொய்.

கொஞ்சம் பொறுத்து அவரே வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பெண் கங்கிராஜுலேஷன்ஸ் என்றாள். அந்தச் சொல் ஹுவாங்குக்குத் தெரிந்திருந்தது. போகும்போது பையிலிருந்து நாலைந்து தோடம்பழங்களை எடுத்து வேறாக வைத்தார். தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். பிழையில்லாமல் வரும் வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்தார்.

கல்லூரியில் மார்கரெட்டிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். கோட்டோடு என் முன்னால் நின்று முழுவதையும் கேட்டார். என்ன கேள்வி கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. உன் நாளைய வகுப்பை நான் எடுக்கிறேன், நீ வீட்டுக்குத் தம்பியிடம் போ என்றார். அவர் வகுப்பெடுத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. "லவ்லி" அன்றைக்கும் வரவில்லை.

ஐரீன் திரும்பி வந்தபோது, ஊரில் இருந்துகொண்டே தொலைபேசியில் ஹுவாங்கைக் காப்பாற்றிவிட்டாள் என்ற கதை கல்லூரி முழுவதும் பரவியிருந்தது. மாணவர்கள் அவளுக்குக் கேக் வெட்டினார்கள். அந்த ஆசிரியர் அறையிலேயே எல்லோருக்கும் முன்னால் மார்கரெட் அவளுடைய தாயின் சுகத்தை விசாரித்துவிட்டு, வழக்கம்போல "லவ்லி" என்றார். நானும் ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். அன்று ஹுவாங்கை எப்படி நம்ப வைத்தாய் என்று ஐரீன் பிறகு பல தடவை என்னைக் கேட்டிருக்கிறாள். கேள்விகள் கேட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அபிராமி, சீன மாணவர்களுக்கு இந்தச் சொல்லைப் படிப்பிக்கும்போது வினைச்சொல்லைக் கிட்டவும் கொண்டுவராதே. முதலில் கேட்கிற ஆளைக் காட்டு, பிறகு கொடுக்கிற ஆளைக் காட்டு. "லீவ் டு ரிமெய்ன்" என்பதைக் கடைசி வரைக்கும் ஒத்திவைக்காதே. உன்னுடைய வகுப்பிலும் யாராவது ஒருவர் அந்தச் செய்திக்குக் காத்திருப்பார். உன் கேள்விக்கு இதற்கு மேல் எனக்குப் பதில் தெரியாது.

குகனுடைய கதையையும் சொல்ல வேண்டும். மேன்முறையீடு செய்தோம். அதுவும் தோற்றது. பிடித்து விமானத்தில் ஏற்றுகிறவரைக்கும் காத்திருக்க அவனுக்கு மனமில்லை. தானாகவே திரும்பிப் போகிறேன் என்று முடிவெடுத்தான். அதற்குள் ஹுவாங்கின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்து, தோர்ண்டன் ஹீத்திலேயே எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன நூடில்ஸ் கடை திறந்திருந்தார்கள். நான் அந்தத் தெருவாலேயே போவதில்லை. மகள் பள்ளிக்கூட உடுப்போடு கடை வாசலில் நிற்பதை ஒரு தடவை பஸ்ஸிலிருந்து கண்டேன். அதற்குப் பிறகு வேறு பஸ் எடுத்தேன்.

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம், தோடம்பழம் தந்த அந்தச் சீன அண்ணையின் கடையில் சாப்பிட வேண்டும் என்றான் குகன். வேறெங்காவது போவோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கடையில் ஆட்கள் குறைவாக இருந்தார்கள். ஹுவாங் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அறிமுகப்படுத்துவதற்குள், "குகன்" என்றார், சரியான உச்சரிப்பில். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கும்பிடுவது போலத் தலை குனிந்தாள். சாப்பாடு வந்தது. குகன் இன்னும் உறைப்பு வேண்டும் என்றான். ஹுவாங் ஒரு மிளகாய்க் கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் இருந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்தார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் ஆங்கிலத்தில் மிளகாயைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் என்னுடைய கோப்பையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தேன்.

குகன் தான் நாளைக்குப் போவதாகச் சொன்னான்.

"லீவ்?" என்று கேட்டார் ஹுவாங்.

"யெஸ்" என்றான் குகன். "லீவ்."

ஹுவாங் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எழும்பும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

வெளியே குளிர் கடுமையாக இருந்தது. அந்த மகள், அந்தக் கண்ணாடிக் கதவு, கதவில் மாட்டியிருந்த சிவப்புத் தொங்கல் எல்லாவற்றையும் மனதுக்குள் வைத்து நான் வெந்துகொண்டு வந்தேன்.

"நல்லாச் சமைக்கிறார் அக்கா" என்றான் குகன். "அந்த மனிசனுக்குக் குடுத்தது சரிதான்."

உனக்கு ஒன்றும் இல்லையா, எரிச்சலே இல்லையா என்று கேட்டேன். அவன் சிரித்தான். நல்லா உறைச்சது, மூக்கு ஓடுது என்று சொல்லி மூக்கைத் துடைத்தான். பிறகு கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, ஊரில் கடைக்குப் போய்வருகிறவன் மாதிரி எனக்கு முன்னால் நடந்து போனான். நான் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு அவன்மீதும் பொறாமையாக இருந்தது.